5 பூண்டு என்றால் எத்தனை பல்?

நாய்க்குப் பூண்டு கொடுக்கலாமா என்று கேட்டால் நம்ம பக்கம் இரண்டு பதில் கிடைக்கும். "தாராளமா குடுங்க, உண்ணியெல்லாம் கொட்டிடும்" என்பது ஒன்று. "ஐயையோ, ஒரு பல்லு போதும், செத்தே போயிடும்" என்பது இன்னொன்று. சொல்கிறவர்கள் இருவருமே சந்தேகமே இல்லாமல் சொல்கிறார்கள். போன சித்திரையில் அண்ணன் வீட்டு நாய் மணி படுத்த பிறகுதான், இந்த இரண்டும் எங்கிருந்து வருகின்றன என்று தேட ஆரம்பித்தேன். தேடியதில் கிடைத்ததை இங்கே குறித்து வைக்கிறேன். கொஞ்சம் கோபமும் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் இருப்பது திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற ரோட்டில், சற்று உள்ளே தள்ளி. கொஞ்சம் மல்லாட்டை, இரண்டு கறவை மாடு, ஒரு நாய், அண்ணிக்கென்று ஒரு பூனை. நான் விழுப்புரத்தில். விக்கிரவாண்டி வழியாக பஸ் பிடித்தால் ஒரு மணி நேரம். அதனால் அண்ணன் வீட்டில் நடப்பதில் பாதி எனக்கு வாட்ஸ்அப்பில்தான் தெரியும்.

அண்ணன் ஒன்றும் எதையும் நம்பிவிடுகிற ஆள் இல்லை. பூண்டு விஷயத்தில் அவர் நம்பியதற்கு ஒரு நியாயம் இருந்தது. இரண்டு வருஷம் முன்பு பெரிய மாட்டுக்கு மடிநோய் வந்து, மடி கல் மாதிரி ஆகிவிட்டது. அப்போது யாரோ கொடுத்த ஜெராக்ஸ் தாளைப் பார்த்து, சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து மடி முழுக்கத் தடவினார். வீக்கம் இறங்கியது. இது ஏதோ பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கிவிட முடியாது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தியும் அவரோடு இருந்தவர்களும் தஞ்சாவூரை மையமாக வைத்துத் தொகுத்த மரபுவழி மருத்துவத்தில் வருவது. தேசிய பால்வள வாரியமும் இதை நாடு முழுக்கப் பால் சங்கங்களுக்குக் கொண்டுபோகிறது. அளவு கிராமில் இருக்கும். எந்த நோய்க்கு, எங்கே தடவ, எத்தனை வேளை என்பதும் இருக்கும். தமிழில் இப்படி எழுதப்பட்ட வைத்தியக் குறிப்பு எத்தனை பார்த்திருக்கிறோம்? பெரும்பாலும் "சிறிதளவு எடுத்து", "தேவையான அளவு" என்றுதானே போகும்.

அதே தொகுப்பில் மாட்டு உண்ணிக்கும் ஒரு மருந்து இருக்கிறது. பூண்டு 10 பல், வேப்பிலை ஒரு கைப்பிடி, வேப்பம்பழம் ஒரு கைப்பிடி, வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம், உண்ணிச்செடி இலை ஒரு கைப்பிடி, துளசி ஒரு கைப்பிடி. எல்லாவற்றையும் அரைத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, வடிகட்டி, மாட்டின் உடம்பு முழுக்கத் தெளிக்க வேண்டும்.

தெளிக்க வேண்டும். இந்த ஒரு வினைச்சொல்லைக் கொஞ்சம் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனுக்குப் பக்கத்து ஊர் குரூப்பில் வந்த செய்தி நாய் உண்ணிக்கானது. அதில் வேப்பிலை இல்லை, வசம்பு இல்லை, உண்ணிச்செடி இல்லை. பூண்டும் மஞ்சளும் மட்டும் இருந்தன. 5 பூண்டு, ஒரு ஸ்பூன் மஞ்சள், சோற்றில் பிசைந்து தினமும் கொடுக்கவும் என்ற கருத்தில் நான்கு வரி, கீழே நிறைய கைகூப்பிய படங்கள். மாட்டுக் குறிப்பிலிருந்துதான் இது வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. வீட்டில் இல்லாத சரக்கெல்லாம் வழியில் உதிர்ந்து, அடுப்படியில் இருக்கிற இரண்டு மட்டும் மிஞ்சியிருக்கிறது. மாடு நாயாகிவிட்டது. 'தெளிக்கவும்' என்பது 'கொடுக்கவும்' ஆகிவிட்டது.

வெளியே போடுவதை உள்ளே கொடுப்பது சின்ன மாற்றமில்லை. உண்ணிச்செடியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை மேய்ந்த மாட்டுக்கு ஈரல் கெட்டு, வெயில் பட்ட தோல் வெந்துபோகும். மேலே தெளிக்கும் மருந்தில் இருப்பதால்தான் அதற்கு இடம். (உண்ணியை ஓட்ட உண்ணிச்செடி என்ற பெயர்ப் பொருத்தம் எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.)

இன்னொன்று, அந்த "5 பூண்டு". இதைப் படித்து நான் நிஜமாகவே ஆடிப்போனேன். மாட்டுக் குறிப்பில் '10 பல்' என்று தெளிவாக இருக்கிறது. இதில் 5 பூண்டு. ஐந்து பல்லா, ஐந்து முழுப்பூண்டா? நம் பேச்சில் "ரெண்டு பூண்டு தட்டிப் போடு" என்றால் இரண்டு பல்தான். கடையில் "ரெண்டு பூண்டு குடு" என்றால் இரண்டு முழுசு. அண்ணன் பல் என்று எடுத்துக்கொண்டார். வேறு யாராவது முழுப்பூண்டு என்று எடுத்துக்கொண்டிருந்தால்?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அண்ணி வாங்குகிற நாட்டுப்பூண்டில் ஐந்து பல்லை உரித்துத் தராசில் வைத்தால் 9 கிராம். மணி 15 கிலோ. அப்படியானால் கிலோவுக்கு 0.6 கிராம். முழுப்பூண்டு ஒன்று 40 கிராம் என்று வைத்துக்கொண்டால் ஐந்துக்கு 200 கிராம், கிலோவுக்கு 13 கிராம். ஒரே சொல்லை இரண்டு விதமாகப் படித்தால் இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம்.

இந்த எண்களை எதோடு ஒப்பிடுவது? 2000-ல் ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் நாய்களுக்குப் பூண்டுச் சாறு கொடுத்துப் பார்த்தார்கள். கிலோவுக்கு 5 கிராம் பூண்டுக்குச் சமமான அளவு, தினமும், ஏழு நாள். சிவப்பணு எண்ணிக்கையும் ஹீமோகுளோபினும் இறங்கின. இதில் கவனிக்க வேண்டியது, அவை அடிமட்டத்தைத் தொட்டது 9-ஆவது நாளிலிருந்து 11-ஆவது நாளுக்குள். அதாவது பூண்டை நிறுத்தின பிறகு. அந்த நாய்கள் வெளிப்படையான ரத்தச்சோகை வரைக்கும் போகவில்லை. ஆனால் அணுக்கள் அடிபட்டது மைக்ராஸ்கோப்பில் தெரிந்தது. நாய்க்குப் பூண்டு சேர்ந்த உணவைத் தவிர்ப்பதே நல்லது என்று அவர்கள் முடித்தார்கள்.

வெங்காயத்தின் கதை இன்னும் பழசு. அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் செப்ரெல், வெங்காயம் தின்ற நாய்களுக்கு ரத்தச்சோகை வருவதை 1930-லேயே எழுதிவிட்டார். இன்று கால்நடை மருத்துவர்கள் சொல்லும் அளவு, நாய்க்குக் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம், பூனைக்கு வெறும் 5 கிராம். வேகவைத்தாலும் வறுத்தாலும் பொடியாக்கினாலும் அந்தக் குணம் போகாது. பொடியில் தண்ணீர் இல்லாததால் கிராமுக்குக் கிராம் இன்னும் கடுமை.

உள்ளே நடப்பது இதுதான். வெங்காயம், பூண்டு வகையறாவில் உள்ள கந்தகச் சேர்மங்கள் சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினைத் தாக்கிக் கட்டி கட்டியாக்கிவிடும். அந்தக் கட்டிகளுக்கு ஹைன்ஸ் பாடி என்று பெயர். அடிபட்ட அணு உடையும், அல்லது மண்ணீரல் பிடித்து அழிக்கும். நம் ஹீமோகுளோபினில் இப்படித் தாக்கக்கூடிய முனை இரண்டு. நாய்க்கு நான்கு. பூனைக்கு எட்டு. பாரசிட்டமால் பாதி மாத்திரை கொடுத்தாலே பூனை செத்துப்போவதும் பெரிய அளவில் இதே பலவீனத்தால்தான். "நமக்கு ஆகிறது, அதுக்கு ஆகாதா?" என்று கேட்கிறவர்களுக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை.

மாட்டுக்கும் வெங்காயம் ஆகாதுதான். மூட்டை மூட்டையாகக் கழிவு வெங்காயம் தின்ற மாடுகள் செத்திருக்கின்றன. ஆனால் அளவைப் பாருங்கள். கோமாரி நோயில் வாய்ப்புண்ணுக்குச் செய்யும் மருந்தில் சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள் பத்துப் பத்து கிராம், தேங்காய், வெல்லத்தோடு பூண்டு 4 பல்தான். மூன்று வேளை போட்டாலும் ஒரு நாளைக்கு இருபது கிராம் சொச்சம். 350 கிலோ மாட்டில் அது கிலோவுக்கு 0.06 கிராம். மணி வயிற்றுக்குள் போனது அதைப்போல் பத்து மடங்கு. அதே ஐந்து பல்லை அண்ணியின் மூன்று கிலோ பூனைக்குக் கொடுத்திருந்தால் ஐம்பது மடங்கு. நல்ல வேளை, அந்தப் பூனை பூண்டு வாசம் வந்தாலே திரும்பிப் பார்க்காமல் போய்விடும்.

தெளிக்கிற மருந்தும் பூனைக்கு உதவாது. மாடு தன் முதுகை முழுசாக நக்காது. பூனை மேல் என்ன தெளித்தாலும் சாயங்காலத்துக்குள் வயிற்றுக்குள் போய்விடும்.

சரி, இந்தப் பக்கம் இப்படி என்றால் அந்தப் பக்கம்? "உங்கள் செல்லப்பிராணிக்குக் கொடுக்கவே கூடாத மசாலாக்கள்" என்று வண்ணப்படத்தோடு தமிழில் வருகிற பட்டியல்களைச் சொல்கிறேன். ஏதோ ஓர் அமெரிக்கப் பட்டியலின் மொழிபெயர்ப்பு என்பது இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். ஜாதிக்காய் முதலிடத்தில் இருக்கும். பண்டிகைக்குச் சுட்ட இனிப்பை நாய் எட்டித் தின்றுவிடும் என்று அவர்களுக்குப் பயம், சரி. ஜாதிக்காய் நாய்க்கு ஆகாது என்பதும் உண்மைதான். ஆனால் திண்டிவனத்தில் எந்த நாய் ஜாதிக்காய் தின்னக் காத்திருக்கிறது? அந்தப் பட்டியலில் சாம்பார் சோறு இருக்காது. ரசம் சோறு இருக்காது. கல்யாண மண்டபத்துப் பின்பக்கம் கொட்டுகிற தயிர்வெங்காயம் இருக்காது. நம்ம ஊர் நாய் தின்பது அதைத்தானே?

அளவே சொல்லாமல் 'விஷம்' என்று மட்டும் எழுதுவதால் இன்னொரு கெடுதலும் உண்டு. படித்தவர் வெளியே எட்டிப் பார்க்கிறார். தெருவில் பத்து வருஷமாகச் சாம்பார் சோறு தின்ற நாய் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. "இவனுங்க சும்மா பயமுறுத்துறானுங்க" என்று முடிவுக்கு வந்துவிடுகிறார். அந்த நாய் ஏன் சாகவில்லை என்பதைக் கணக்கு சொல்லும். ஒரு கரண்டி சாம்பாரில் நாலைந்து சின்ன வெங்காயம், போனால் 15 கிராம். 15 கிலோ நாய்க்குக் கிலோவுக்கு ஒரு கிராம். ஆபத்து எல்லை தூரத்தில் இருக்கிறது. தினம் தினம் போவது நல்லதில்லை, அடி சேர்ந்துகொண்டே வரும், ஆனால் இன்றைக்கே விழாது. அதே கரண்டியை மூன்று கிலோ பூனைக்குப் போட்டுப் பாருங்கள். கிலோவுக்கு 5 கிராம். பூனைக்கான எல்லையில் நேராகப் போய் நிற்கிறது. இந்த ஒரு கரண்டிக் கணக்கைச் சொல்லியிருந்தால் அந்தப் பட்டியல் யாருக்காவது பயன்பட்டிருக்கும்.

மஞ்சளைப் பற்றிக் கேட்பீர்கள். அது இந்தக் குடும்பமே இல்லை. சோற்றில் கலந்துபோகிற அளவு மஞ்சளுக்கு யாரும் பயப்பட வேண்டாம். சீரகமும் அப்படியே. மிளகு, மிளகாய் அதிகமானால் வயிறு எரியும், பேதியாகும். ரத்தத்தில் கைவைப்பது வெங்காயமும் பூண்டும்தான்.

இப்போது மணி. ஐந்து நாள் பூண்டு சாப்பிட்டான். முதல் நாளே கொஞ்சம் சோர்வாகத்தான் இருந்தான், அதனால்தான் வைத்தியமே ஆரம்பித்தது. உண்ணி காதுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் மொய்த்துக் கிடந்தது. ஐந்தாம் நாள் சோறு வேண்டாமென்று விட்டான். ஆறாம் நாள் காலையில் காப்பி நிறத்தில் மூத்திரம் போனதாக அண்ணி போன் செய்தார். "ஈறைத் தூக்கிப் பாருங்க அண்ணி, என்ன கலர்?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "வெள்ளையா இருக்குப்பா, சுண்ணாம்பு மாதிரி."

நான் போய்ச் சேர்வதற்குள் அண்ணன் அவனை ஒரு மினி வேனில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோய்விட்டார். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 5-க்குக் கீழே. நாய்க்கு 12-க்கு மேல் இருக்க வேண்டும். கண்ணாடித் துண்டில் ரத்தத்தைத் தடவிப் பார்த்த டாக்டர், சிவப்பணுவுக்குள்ளேயே கிருமி இருக்கிறது, உண்ணிக் காய்ச்சல் என்றார். பேபீசியா.

இந்தக் கிருமிக்கும் நமக்கும் பழைய சம்பந்தம் உண்டு என்று பிறகு படித்தேன். பேபீசியா கிப்சோனி என்ற வகையை முதன்முதலில் விவரித்தவர் பேட்டன், 1910-ல். அவர் பார்த்தது மெட்ராஸ் ஹண்ட் என்ற வெள்ளைக்காரர்களின் வேட்டைக் கழகம் வளர்த்த நாய்களின் ரத்தத்தில். அப்புறம் நம் குள்ளநரியின் ரத்தத்திலும் அதைக் கண்டார். ஆக, நூறு வருஷத்துக்கு மேலாக இந்தப் பக்கத்தில் உண்ணி ஏறிய நாயின் ரத்தத்தில் இது இருக்கலாம் என்று தெரியும்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். உண்ணிக்கென்று பூண்டு யாருக்குக் கொடுக்கப்படுகிறது? உண்ணி மொய்த்த நாய்க்கு. யாருடைய சிவப்பணு ஏற்கெனவே உடைந்துகொண்டிருக்க வாய்ப்பு அதிகம்? அதே நாய்க்கு. நல்ல ஆரோக்கியமான நாய்க்கு ஐந்து பல் பூண்டு ஒன்றும் செய்யாமல் போகலாம். ரத்தம் வடிந்துகொண்டிருக்கிற நாய்க்கு, ரத்தத்தைத் தாக்குகிற ஒரே மசாலாவைத் தேடிப் பிடித்துக் கொடுக்கிறோம். போதாக்குறைக்கு இரண்டின் அறிகுறியும் ஒன்று. வெளுத்த ஈறு, கருத்த மூத்திரம், மூச்சிரைப்பு, சோர்வு. பூண்டால் வந்ததா உண்ணியால் வந்ததா என்று வெளியே இருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

டாக்டர் கேட்டாராம், "ஏதாவது கைவைத்தியம் பண்ணீங்களா?" அண்ணன் இல்லை என்று சொல்லிவிட்டார். திட்டுவார்கள் என்ற பயம். இதை வண்டியில் திரும்பி வரும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார். நான்தான் மறுபடி போன் போட்டு டாக்டரிடம் சொன்னேன். அவர் திட்டவெல்லாம் இல்லை. எத்தனை நாள், எத்தனை பல் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

பூண்டுக்கு உண்ணி விரட்டும் குணமே இல்லையா என்றால், மனிதர்களிடம் கொஞ்சம் இருக்கலாம். ஸ்வீடனில் ராணுவப் பயிற்சியில் இருந்த இளைஞர்களுக்குத் தினமும் 1200 மில்லிகிராம் பூண்டு கொடுத்ததில் உண்ணிக்கடி ஓரளவு குறைந்தது என்று 2000-ல் ஒரு கட்டுரை வந்தது. அதுகூட உண்ணி கடிக்காமல் இருப்பதற்கு. கடித்து ரத்தத்தில் ஏறிவிட்ட கிருமியைப் பூண்டு என்ன செய்யும்? மேலும் நாய் உண்ணி தன் ஆயுளில் பெரும்பகுதியை நாயின் மேல் கழிப்பதே இல்லை. சுவர் விரிசலில், கதவு நிலையின் இடுக்கில், சாக்குக்கு அடியில்தான் இருக்கும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அண்ணன் வீட்டில் மணி படுக்கிற இடத்துக்கு மேலே, திண்ணைச் சுவரில், அது வரிசையாக ஏறுவதை நானே பார்த்தேன். நாயின் வயிற்றுக்குள் பூண்டைப் போட்டுச் சுவரில் இருப்பதை எப்படி விரட்டுவது?

மணிக்கு ரத்தம் ஏற்றினார்கள், ஊசி போட்டார்கள். மூன்று வாரம் ஆயிற்று எழுந்து வாசல்வரை வர. பூண்டு அவனை எவ்வளவு இறக்கியது, கிருமி எவ்வளவு இறக்கியது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. அளவைப் பார்த்தால் பெரும்பங்கு கிருமிதான் என்று நினைக்கிறேன். முதல் நாளே ரத்தம் பார்த்திருந்தால் ஹீமோகுளோபின் 5-க்கு வந்திருக்காது என்பது மட்டும் உறுதி. அந்த ஐந்து நாளும் "வைத்தியம் நடந்துகிட்டுதானே இருக்கு" என்ற நிம்மதியில் போயின.

அண்ணன் இதை ஒத்துக்கொள்ளவில்லை. "பூண்டு குடுத்ததாலதான்டா அதுவரைக்கும் தாங்குச்சு" என்கிறார். நான் எண்களைச் சொன்னால், "மடிநோய்க்குக் கேட்டுச்சா இல்லியா? அத சொல்லு மொதல்ல" என்று மாட்டைக் காட்டுகிறார். கேட்டது. அதை நான் எப்படி மறுப்பேன்?

போன மாதம் போனபோது மாட்டுக்கொட்டகைத் தூணில் அந்த ஜெராக்ஸ் தாள் புதுசாக லேமினேஷன் போட்டுத் தொங்கியது. உண்ணி மருந்துக்கு நேரே, லேமினேஷனுக்கு மேலேயே, மார்க்கர் பேனாவில் "மாட்டுக்கு மட்டும், மேலே தெளிக்க" என்று எழுதியிருந்தது. அண்ணியின் கையெழுத்து. மணி தூணுக்குக் கீழே படுத்திருந்தான். காதைத் திருப்பிப் பார்த்தேன், இரண்டு உண்ணி இருந்தது.